விழுது எடுத்த மரம்

உக்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சு வேண்டாம், ஒரு கால் குட்டை, ஆடும். இதுல உக்காருங்க. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்திருக்கீங்க, வயித்தைப் புரட்டுதா? இஞ்சி தட்டிப் போடுறேன், சரியாப் போயிடும். பர்ஸை உள்ள வைங்க. பொன்னாடை போர்த்தக் கூப்பிட வந்தவர்கிட்ட டீக்குக் காசு வாங்கினா நல்லாவா இருக்கும்?

ஆனா பொன்னாடை வேண்டாம் தம்பி. சிரிக்காதீங்க. அடக்கத்துல சொல்லல. உங்க பறவைச் சங்கத்துல எவ்வளவோ பெரிய ஆளுங்க இருப்பாங்க, காட்டுக்குன்னு ஓடியாடி உழைச்சவங்க. அவங்க யாருக்காவது போர்த்துங்க. நான் வெறும் டீக்கடைக்காரன். பேனர் அடிச்சாச்சா? காட்டுங்க பார்ப்போம். "இருவாச்சியின் காவலர் தங்கையா". அடக் கடவுளே. போட்டோ எங்க புடிச்சீங்க? மரத்தடியில நிக்கிறேன். மரம் இருந்தப்ப எடுத்தது. நல்லாத்தான் இருக்கேன், வேட்டி மடிப்பு கலையாம.

அந்த மரம் இப்ப எங்கன்னு கேக்குறீங்களா? திரும்பிப் பாருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்துல, ஏதோ யானை படுத்துக் கிடக்கிற மாதிரி தெரியுதா? அதுதான். பங்குனி மாசம் ஒரு மத்தியானம் கோடை மழை, பேய்க் காத்து. விழுந்துடுச்சு. இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சுதான் வந்திருப்பீங்க. மரம் போன துக்கத்துல இருக்கான், பாவம், இந்த வருஷம் இவனுக்கே கொடுப்போம்னு முடிவு பண்ணியிருப்பீங்க. அப்படித்தானே?

போன்ல பேச்சுப் பதிவாகுதா? ஆகட்டும். எதை எழுதணும், எதை எழுத வேண்டாம்னு நானே சொல்லிடுறேன். இப்ப சொல்றது எழுதிக்கோங்க.

இது இச்சி மரம் தம்பி. ஆலமரத்துக்குத் தம்பி முறைன்னு வெச்சுக்கோங்க. இது மண்ணுல முளைச்ச மரம் இல்ல. எந்தக் காலத்துலயோ ஒரு பறவை பழத்தைத் தின்னுட்டு, வேற ஏதோ பெரிய மரத்துக் கவட்டுல எச்சம் போட்டுட்டுப் போயிருக்கும். விதை அங்கேயே முளைச்சுக்கிச்சு. அப்புறம் வேரைக் கீழ விட்டு, விட்டு, அந்தப் பெரிய மரத்தைச் சுத்திப் பின்னி, இறுக்கி, ஒரு நாள் உள்ள இருந்த மரம் செத்து மக்கிப் போச்சு. இது மட்டும் நின்னுச்சு. நடுவுல வெறும் கூடு. வர்றவங்க பிள்ளைங்களை அந்தப் பொந்துக்குள்ள நிக்க வெச்சு நானே போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கேன். "இதுக்கு அடிமரமே கிடையாதுங்க, நீங்க பார்க்கிறது எல்லாம் வேருதான், இந்த வேருதான் இதுக்குக் கால்"னு டீ ஆத்திக்கிட்டே சொல்லுவேன். எல்லாரும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேப்பாங்க. எத்தனை வருஷமாச் சொல்லியிருக்கேன். தினம் நான்தான் சொன்னேன். என் காதுல மட்டும் விழல.

அந்தக் கடைசி வரியை எழுதாதீங்க.

பழத்தைப் பத்தி எழுதுங்க. தை, மாசி, பங்குனி மாசத்துல காட்டுல தின்ன ஒண்ணும் இருக்காது. மத்த மரமெல்லாம் பூவும் பிஞ்சுமா நிக்கும், இல்லேன்னா சும்மா நிக்கும். அப்ப இந்த இச்சி பழுக்கும். உச்சி முதல் அடி வரைக்கும். சிங்கவால் குரங்கு, மலை அணில், பச்சைப் புறா, குக்குறுவான், எல்லாம் ஒரே பந்தி. ராத்திரியானா வௌவாலும் மரநாயும். கீழ விழுந்ததைப் பொறுக்கக் கேளையாடுங்கிற மான் வரும். கல்யாண வீடு தம்பி, வா வான்னு யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. ஒரு இச்சியில பழம் முடிஞ்சா, மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு இச்சியில ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே சமயத்துல பழுக்காது. அதனாலதான் காட்டுல வருஷம் பூரா உலை கொதிக்குது.

அப்புறம் இருவாச்சி, அந்தப் பெரிய மூக்குப் பறவை. நீங்க எல்லாம் கேமராவைத் தூக்கிக்கிட்டு வர்றதே அதுக்குத்தானே. கடைக்குப் பின்னால ஓடைக்கு அப்பால பாருங்க, நெட்டையா ஒரு மரம், பாதி உசரத்துல பொந்து. தை மாசம் பொட்டை உள்ள போய் உக்காந்து, வாசலை மண்ணும் எச்சமும் வெச்சு அடைச்சுக்கும். மூக்கு நீட்ட மட்டும் ஒரு கீறல். முட்டை, குஞ்சு எல்லாம் உள்ளயே. இறகெல்லாம் உதிர்ந்துடும், பறக்க முடியாது. சாப்பாடு வெளியில இருந்து ஆண் கொண்டு வரணும். தொண்டையில இச்சிப் பழத்தை அடக்கிட்டு வந்து ஒண்ணொண்ணாக் கக்கிக் கக்கி ஊட்டும். புருஷன்னா அதுதான் தம்பி புருஷன். என் வீட்டுக்காரி பொன்னுத்தாய்கிட்டயே சொல்லியிருக்கேன், பார்த்தியா, எப்படித் தாங்குதுன்னு. அவ ஓடையில இருந்து தண்ணிக் குடத்தோட ஏறி வந்துக்கிட்டிருந்தா. குடத்தை இறக்கிட்டு அடுத்த குடத்தை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா.

இச்சி இருந்தப்ப ஆண் பறவைக்கு வேலை சுலபம். மரத்துல இருந்து பொந்துக்கு ஒரே வீச்சு. நான் ஒரு சட்டி பால் காய்ச்சி முடிக்கிறதுக்குள்ள போயிட்டு வந்துடும். இப்ப காலையில ஒரு தடவை வருது, வெயில் தாழ்ந்து ஒரு தடவை வருது. சில நாள் காலையில வர்றதில்ல. பொட்டை மூக்கை வெளிய நீட்டி வெச்சுக்கிட்டே இருக்கு. உள்ள குஞ்சு கத்துறது இங்க வரைக்கும் கேக்குது தம்பி. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. தட்டுல கை வெச்சா அந்த மூக்குதான் தெரியுது.

போனை அணைச்சுடுங்க. அணைச்சாச்சா? சிவப்புப் புள்ளி போயிடுச்சா? சரி.

பொங்கல் முடிஞ்ச சமயம். நல்ல பழம், நல்ல கூட்டம். கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒரு பொண்ணு, முழ நீளத்துக்கு கேமரா வெச்சிருந்துச்சு. நாள் பூரா உக்காந்துட்டு, "அண்ணா, எல்லாப் படத்துலயும் அந்த விழுது குறுக்க வருது, அது மட்டும் இல்லேன்னா எவ்வளவு நல்லா இருக்கும்"னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. வண்டி திருப்பவும் இடம் இல்ல பாருங்க, விழுதெல்லாம் ரோட்டு ஓரம் வரைக்கும் ஊணி நின்னுச்சு. எனக்கு அது தாடி மாதிரி தெரிஞ்சுது தம்பி. மனுஷன் தாடி எடுத்தா செத்தா போறான்? பொன்னுத்தாய் அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தா. ரம்பம் வாங்கி வெச்சிருந்தேன். ரோட்டுப் பக்கம் இருந்ததை எல்லாம் அறுத்து எடுத்துட்டேன். பால் வடிஞ்சுது. கை எல்லாம் பிசுபிசுன்னு, சீயக்காய் போட்டும் போகல.

என்ன வெளிச்சம் அப்புறம்! வந்தவங்க எல்லாம் பாராட்டினாங்க. "தங்கையா, சூப்பரா வெச்சிருக்கீங்க"ன்னு. உங்க சங்கத்து ஆளுங்களே சொன்னாங்க. பொன்னுத்தாய் திரும்பி வந்து மரத்தைப் பார்த்தா. "பிடிமானம் இல்லாத மாதிரி இருக்கு"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

பங்குனியில காத்து அடிச்சுது. ஊர்ல எத்தனையோ மரம் ஆடுச்சு, எல்லாம் நின்னுச்சு. இது பழப் பாரத்தோட பள்ளத்துப் பக்கம் சாஞ்சுது. ரோட்டுப் பக்கம் பிடிச்சிருந்த காலைத்தான் நான் எடுத்துட்டேனே. மழை விட்டதும் முதல்ல போனது நான்தான். போய் என்ன பண்ணேன் தெரியுமா? அறுத்த கட்டை எல்லாம் வெள்ளையா மண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மண்வெட்டி எடுத்து மண்ணைத் தள்ளி மூடிட்டேன். அப்புறந்தான் ஆளுங்களைக் கூப்பிட்டேன். வந்தவங்க எல்லாம் காத்துன்னு சொன்னாங்க தம்பி. நான் சொல்லல. அவங்களாத்தான் சொன்னாங்க. நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

பொன்னுத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. பாவம், மண்வெட்டி சேறா கிடக்குதுன்னு அவதான் கழுவி வெச்சா. எதுக்கு எடுத்தீங்கன்னுகூடக் கேக்கல. வெகுளி.

அந்த வாரம் முழுக்கக் கூட்டம். விழுந்த மரத்துல இருந்த பழத்தைத் தின்ன காடே தரைக்கு இறங்கிடுச்சு. குரங்கும் மானும் ரோட்டோரம் நின்னு தின்னுச்சுங்க, அதைப் பார்க்க வண்டி வண்டியா ஜனங்க. என் கடைக்கு அது மாதிரி வியாபாரம் ஓடினதே இல்ல. வடை போட்டு மாளல. துக்கம் கேக்க வேற வந்தாங்க. "உங்க பிள்ளை மாதிரி வளர்த்தீங்களே"ன்னு ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நானும் அழுதேன். நிஜமாத்தான் அழுதேன். அவர் ஒண்ணுக்கு அழுதாரு, நான் ஒண்ணுக்கு அழுதேன். அதுக்கப்புறம் பழம் தீர்ந்துச்சு. எல்லாரும் போயிட்டாங்க. இந்த ஆண் பறவை மட்டும் அந்த வெத்து வானத்துல வந்து, மரம் இருந்த இடத்துல ஒரு வட்டம் அடிச்சுட்டு அடிச்சுட்டுப் போச்சு.

சும்மா இருக்கல தம்பி, ஏதாவது பண்ணணும்னுதான் பார்த்தேன். பப்பாளி வாங்கி வந்து துண்டு போட்டுக் கூரை மேல வெச்சேன். இருவாச்சி திரும்பிக்கூடப் பார்க்கல. குரங்கு பார்த்துச்சு. அதுங்களுக்கும் இச்சி போயிடுச்சே, பசி. கூரையில ஆரம்பிச்சது அடுப்படிக்கு வந்துடுச்சு. பொன்னுத்தாய் விரட்டப் போயி, கையில கடிச்சு வெச்சிடுச்சு. இவ எதுக்குக் குறுக்க போறா? ஊசி போட டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒரு தடவை இல்ல, மறுபடி மறுபடி. பஸ்ஸுல அவளே போயிட்டு வந்துடுவா. நான் எப்படிப் போறது? ஆண் பறவை வருதா இல்லையான்னு யாராவது பார்க்க வேண்டாமா?

நீங்க ஏன் அப்படிப் பார்க்குறீங்க? கட்டுப் போட்ட கையோடவா தண்ணி தூக்கினாள்னு கேக்குறீங்களா? ஒரு கையாலதான் தூக்கினா. அவளுக்குப் பழக்கம்.

இருங்க, முக்கியமானதை இன்னும் சொல்லல. அந்த ஆண் பறவை இப்ப எங்க போய்ப் பழம் எடுத்துட்டு வருதுன்னு தெரியுமா? அதோ, மலை மடிப்புக்கு அந்தப் பக்கம், கீழ் வளைவுல ஒரு பெரிய இச்சி நிக்குது. இப்ப அதுல பழம். இந்தப் பக்கத்துல பழத்தோட நிக்கிறது அது ஒண்ணுதான். அதுவும் இல்லேன்னா பொந்துல இருக்கிற ரெண்டு உசிரும் அவ்வளவுதான். அந்த மரத்தடியிலதான் ஐசக் கடை போட்டிருக்கான். முன்னால தேயிலை எஸ்டேட்ல கொழுந்து லாரி ஓட்டினவன். என் கடையில கூட்டத்தைப் பார்த்துட்டு அவனும் டீக்கடை வெச்சுட்டான். நல்ல பையன், வாய் நிறைய அண்ணே அண்ணேம்பான். மாசி மாசம் வந்து, "அண்ணே, எப்படி மரத்தை இவ்வளவு நீட்டா வெச்சிருக்கீங்க, எனக்கும் சொல்லிக் கொடுங்க"ன்னான். நான்தான் தம்பி சொல்லிக் கொடுத்தேன். எந்த விழுதை எடுத்தா பார்வை கிடைக்கும்னு அவன் கடைக்கே போய் விரலை நீட்டிக் காட்டிட்டு வந்தேன். சித்திரை லீவுக் கூட்டத்துக்கு முன்னால எடுத்துடறேன்னான்.

என் மரம் விழுந்த பிறகு அவன்கிட்ட ஓடினேன். அந்த மரத்துல முனி இருக்குதுடா, கை வைக்காதேன்னேன். நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு முனி கிடையாதுண்ணேன்னு சிரிக்கிறான். விழுதுக்குள்ள பாம்பு இருக்கும்னு சொல்லிப் பார்த்தேன். அப்ப கட்டாயம் எடுத்துடணும், நல்லவேளை சொன்னீங்கங்கிறான். ஃபாரஸ்ட்காரன் பிடிப்பான்னேன். உங்களைப் பிடிக்கலையே அண்ணேங்கிறான். கடைசியில அவன் பொண்டாட்டி யார்கிட்டயோ சொல்லியிருக்கா, தங்கையாவுக்கு மரம் போச்சு, வியாபாரம் போச்சு, எங்க மேல வயித்தெரிச்சல்னு. பொறாமைக்காரன்னு பேர் வாங்கிட்டேன். அதை வாங்கிக்கிட்டேன், பரவாயில்ல. இன்னொண்ணைச் சொல்லத்தான் வாய் வரல. ஒரே ஒரு வார்த்தை சொன்னா அவன் ரம்பத்தைக் கீழ வெச்சுடுவான். அது எனக்குத் தெரியும். அவன் கடை வரைக்கும் போயிருக்கேன், அவன் கொடுத்த டீயைக் குடிச்சிருக்கேன், வந்துட்டேன்.

அதான் உங்களைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்துச்சு. நீங்க எழுதுங்க. விழுதை அறுத்தா மரம் சாயும்னு எழுதுங்க. பேர் போடாம, எங்கயோ, யாரோ ஒருத்தர் அறுத்தாருன்னு போடுங்க. கேரளாப் பக்கம்னுகூடப் போடலாம். ஐசக் படிப்பான், புரிஞ்சுக்குவான். என்ன தலையை ஆட்டுறீங்க? பேர் இல்லாம போட்டா நம்ப மாட்டானா? பத்திரிகையில வந்தா நம்புவான் தம்பி. படிக்கத் தெரிஞ்சவன்.

சரி விடுங்க. விழா எங்க வெச்சிருக்கீங்க, டவுன் மண்டபத்துலயா?

ஐசக் கடையிலயா?

எதுக்கு ஐசக் கடையில? மரத்தடியில வெச்சா பொருத்தமா இருக்கும்னு அவனே கேட்டானா. அவன்தான் என் பேரையும் கொடுத்தானா. என்ன சொன்னான்? "எனக்கு எல்லாம் கத்துக் கொடுத்தது தங்கையா அண்ணன்தான்". அப்படியா சொன்னான். நான் பொறாமைக்காரன்னு ஊரே பேசுறப்ப, அவன் என் பேரைக் கொடுத்திருக்கான் பாருங்க.

மேடை போட இடம் பத்தாதே தம்பி அங்க. விழுதெல்லாம் ரோடு வரைக்கும் நிக்குதே.

எப்ப எடுக்கிறானாம்?

நீங்க வர்றப்ப ஆள் வந்திருந்தாங்களா. அது வேற வேலைக்கா இருக்கும். பந்தல்காரன் அளவெடுக்க வந்திருப்பான். விழா அடுத்த ஞாயிறுதானே, ஒரு வாரம் இருக்கு. நான் நாளைக்குக் காலையில இறங்கிப் போய் அவன்கிட்டப் பக்குவமாச் சொல்றேன். இன்னொரு டீ சாப்பிடுங்க. சாப்பிடுங்க தம்பி, மணி என்ன ஆச்சு இப்ப.

அந்தச் சத்தமா? அது எஸ்டேட்ல நிழல் மரத்துக் கிளை கழிக்கிறாங்க. மெஷின் ரம்பம். மழைக்கு முன்னால கழிப்பாங்க, வழக்கம்தான். காத்து இந்தப் பக்கம் அடிச்சா கீழ் வளைவுல இருந்து வர்ற மாதிரிதான் கேக்கும்.

என்ன பொன்னுத்தாய்? ரெண்டு நிமிஷம் பேசிக்கிட்டு இருக்கோம்ல. என்ன சொல்ற?

ஞாயித்துக்கிழமையா?

ஆமா. இன்னைக்கு எஸ்டேட் லீவு.

அவனுக்குப் போன் போடுங்க தம்பி. அடிக்குதா? எடுக்க மாட்டான், மெஷின் பக்கத்துல நிக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும். வண்டியை எடுங்க. டீ கிடக்கட்டும். பொன்னுத்தாய், அடுப்பை அணை, கடையைப் பார்த்துக்க, நான் போய் அவன்கிட்ட... என்ன? "மரம் எப்படி விழுந்துச்சுன்னு அவன்கிட்ட உள்ளபடி சொல்லுங்க". அதைத்தான் சொல்லப் போறேன், வேற எதைச் சொல்ல... ஏய், உனக்கு எப்படித் தெரியும்? எப்ப இருந்து தெரியும்? உள்ள போயிட்டா. பாருங்க தம்பி, உள்ள போயிட்டா.

போங்க, வேகமாப் போங்க. வளைவுல பார்த்து. இல்ல, கொஞ்சம் மெதுவாப் போங்க, நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிறேன். சரியா வருதான்னு கேளுங்க. ஐசக்கு, அன்னைக்கு அடிச்ச காத்து இருக்கே... இது வேண்டாம். ஐசக்கு, பெரியவன் சொல்றேன் கேளு... இதுவும் வேண்டாம். ஐசக்கு, மெஷினை நிறுத்து. என் மரம் காத்துல விழல. ரோட்டுப் பக்கத்து விழுதை எல்லாம் நான் அறுத்தேன், அதனால விழுந்துச்சு. அறுத்த கட்டையை மண்ணைப் போட்டு மூடினதும் நான்தான்.

இவ்வளவுதானா தம்பி? இதுக்கா இத்தனை நாள்?

அங்க ஆள் நிறைய இருப்பாங்களா? பந்தல்காரங்க, உங்க சங்கத்துக்காரங்க, எல்லாருமா? பேனர் வேற கட்டியிருப்பாங்க. இருக்கட்டும். நிறுத்தாதீங்க, ஓட்டுங்க.